பழைய தூண்டில் ரீல்கள்: மூன்று மரபுகளும் ஒரு தரமும்

பழைய தூண்டில் ரீல்களைச் சேர்ப்பதிலும் பழுதுபார்த்துப் பேணுவதிலும் மூன்று மரபுகள் நிலைத்திருக்கின்றன: கென்டக்கி–நியூயார்க் மரபு, இங்கிலாந்தின் அன்னிக் மரபு, ஐரோப்பியக் கடிகார ஊர்களின் மரபு. மூன்றும் வேறொரு நுண்தொழிலின் பட்டறையில் பிறந்தவை. கடிகாரக்காரரும் துப்பாக்கிக் கொல்லரும் செய்த பொருளை அவர்களுடைய ஒழுங்கோடுதான் திறக்க வேண்டும் என்பது நம் சங்கத்தின் மூத்தோர் தொடக்கம் முதல் வற்புறுத்திவரும் கொள்கை. இம்மலரைக் கையில் எடுக்கும் உறுப்பினர்களுக்கு ரீலின் வகைகளும் உறுப்புகளும் தெரிந்தவையே. ஆகவே அந்தந்த மரபின் முறையும் தரமும் மட்டும் இங்கே வரிசைப்படுத்தப்படுகின்றன.

கென்டக்கியும் நியூயார்க்கும்

அமெரிக்க மரபின் முதல்வர் ஜார்ஜ் ஸ்னைடர். கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ் நகரில் கடிகார வேலையும் வெள்ளி வேலையும் செய்தவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் செய்த மல்டிப்ளையர் ரீலைப் பின்பற்றி, ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மீக் சகோதரர்களும் அவர்களிடம் தொழில் கற்ற பெஞ்சமின் மைலமும் இக்கலையை உயர்த்தினர். உடல் ஜெர்மன் சில்வர். பல்சக்கரம் கையால் வெட்டியது. இப்பட்டறைகளின் ரீல்கள் பலவற்றில் திருகாணியிலும் அது சேரும் துளையருகிலும் ஒரே எண்ணைக் காணலாம். ஒவ்வொரு திருகாணியும் தன் துளைக்கென்றே பொருத்தப்பட்டது என்பதற்கு அதுவே சான்று. கழற்றும்போது அவற்றை ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலப்பவர் அந்தப் பட்டறையின் உழைப்பைக் கலைத்தவராகிறார். மீக் நிறுவனம் 1916இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்டன் நிறுவனத்திடம் போனது. அதன்பின் அதே பெயரில் வந்தவற்றைத் தனி வரிசையில் வைப்பதே முறை.

நியூயார்க்கில் எட்வர்ட், ஜூலியஸ் வோம் ஹோஃப் சகோதரர்கள் பக்கத் தட்டுகளுக்குக் கெட்டி ரப்பரையும் அவற்றைச் சுற்றிய பட்டைகளுக்கு ஜெர்மன் சில்வரையும் கொண்டனர். கடலில் பெருமீன் பிடித்த வில்லியம் போஷனின் யோசனைப்படி ஜூலியஸ் வோம் ஹோஃப் செய்த ரீல், உள்ளே அமைந்த பிரேக்கைக் கைப்பிடியருகே உள்ள நட்சத்திரச் சக்கரத்தால் இறுக்கும் முறைக்கு வழிவகுத்தது. இந்த மரபைப் பேணுவோர் இரண்டை மறக்கலாகாது. முதலாவது, கெட்டி ரப்பர் வெயிலிலும் வெந்நீரிலும் கருமை இழந்து பழுப்பேறும். போன கருமையை எந்த மெருகெண்ணெயும் முழுமையாக மீட்டுத் தராது. இரண்டாவது, பிரேக்கின் தோல் வாஷர்கள் இறுகிய நிலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் நசுங்கி இறுகிப்போகும். ஆகவே அலமாரியில் வைக்கும்முன் நட்சத்திரச் சக்கரத்தைத் தளர்த்திவிட வேண்டும்.

அன்னிக் மரபு

சங்கத்தின் மூத்தோர் சார்ந்து நிற்பது இந்த மரபையே. நார்தம்பர்லாந்தின் அன்னிக் நகரில் 1872இல் வில்லியம் ஹார்டி தொடங்கியது துப்பாக்கிக் கடை. அவருடைய சகோதரர் ஜான் ஜேம்ஸ் சேர்ந்தபின் தூண்டில் சாமான்கள் முதன்மை பெற்றன. அவர்களுடைய ரீல்களில் பெர்ஃபெக்ட்டும் சைலெக்ஸும் 1890களிலும், செயின்ட் ஜார்ஜ் 1911இலும் வந்தன. பெர்ஃபெக்ட்டின் குண்டு பேரிங்கும் ஒழுங்குபடுத்தக்கூடிய செக்கும் ரீல் வரலாற்றில் தனி இடம் பெற்றவை. 1912 செக், 1917 செக் என்று ஆண்டைச் சொன்னாலே உறுப்பினர்களுக்கு உள்ளமைப்பு கண்முன் வரும்.

இந்தியாவோடும் இம்மரபுக்கு உறவுண்டு. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் வெளியிட்ட 'தி ராட் இன் இந்தியா' மஹ்சீர் பிடிப்போருக்கு வழிகாட்டியாக விளங்கியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட் குஞ்சுகள் பொரிக்கப்பட்டன. தோட்டத் துரைமார் தூண்டில் போட்ட அம்மலைகளின் ஈரம் பித்தளையில் களிம்பையும் தோல் பெட்டியில் பூசணத்தையும் விரைவில் ஏற்றும். அத்தகைய ஊர்களில் ரீலை அதன் தோல் பெட்டிக்குள்ளேயே ஆண்டு முழுதும் வைத்திருப்பது தவறு.

சங்கத்தின் மூத்த ஆசான் வகுத்துத் தந்த ஒழுங்கு இன்றும் மாறாமல் கைக்கொள்ளத்தக்கது. ரீலைத் திறக்கும்முன் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்க வேண்டும். செக்கின் ஒலி சீராக இருந்தால் நாக்கும் ஸ்பிரிங்கும் நலமாக உள்ளன. இடையிடையே தடுமாறினால் பல் தேய்ந்திருக்கிறது, அல்லது பழைய எண்ணெய் பிசினாகி ஒட்டியிருக்கிறது. அதன்பின் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய வரிசையிலேயே உறுப்புகளை இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். பிசினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மென்தூரிகையால் நீக்க வேண்டும், கத்திமுனை கூடாது. அச்சுக்கு ஒரு சொட்டுக் கடிகார எண்ணெய், செக்கின் நாக்குக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸ், அவ்வளவே. எண்ணெய் மிகுந்தால் தூசியைச் சேர்க்கும், சுற்றிய நரம்பிலும் ஏறும்.

உடைந்த ஸ்பிரிங்குக்குப் பதில் புதிது வெட்டிப் பொருத்தலாம். ஆனால் உடைந்ததை உறையிலிட்டு ரீலோடு வைக்க வேண்டும். மாற்றிய உறுப்பையும் நாளையும் சீட்டில் எழுத வேண்டும். பழைய பித்தளை ரீலின் வெண்கல நிறமும், அலாய் ரீலின் மங்கிய ஈயப் பூச்சும் அழுக்கல்ல. ஆற்றங்கரையில் பளபளப்பு மீனை விரட்டாதிருக்கப் பட்டறையே கொடுத்த நிறம் அது. உட்புறத்தில் தொழிலாளி பொறித்த பெயரெழுத்துகளும் அவ்வாறே காக்கத்தக்கவை. எந்தக் கை அதைச் செய்தது என்பதற்கு வேறு ஆவணம் பெரும்பாலும் கிடையாது.

கடிகார ஊர்கள்

பிரான்சின் க்ளூஸ் நகரில் 1848 முதல் கடிகாரப் பள்ளி இருந்தது. அந்த ஊரின் கார்ப்பனோ–போன்ஸ் நிறுவனத்திலிருந்து வந்தது மிட்செல் ரீல். ஸ்வீடனின் ஸ்வெங்ஸ்தாவில் 1921இல் கார்ல் போர்க்ஸ்ட்ரோம் நிறுவிய ஆபு, கடிகாரத்திலும் டாக்சி மீட்டரிலும் தேர்ந்து பின்னர் ரீலுக்கு வந்தது. 1950களில் அதன் அம்பாசடர் உலகெங்கும் பரவியது. இவை பெருந்தொகையில் செய்யப்பட்டவை. மாற்று உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. அதனால் இம்மரபினர் உறுப்பு மாற்றத் தயங்குவதில்லை. அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் அம்பாசடரின் காலடியில் பொறித்த எண் தயாரித்த காலத்தைக் காட்டுவது. பல ரீல்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினால் அந்த எண் பொய்யாகிவிடும். அப்படிச் சேர்த்ததை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

தரத்தின் தாழ்வு

இம்மூன்று மரபுக்கும் பொதுவான அளவுகோல் திருகாணியின் தலை. சாதாரணத் திருப்புளியின் நுனி ஆப்பு வடிவானது. அது பிளவின் மேல்விளிம்பை மட்டுமே தொடும்; திருப்பும்போது மேலேறி நழுவி விளிம்பைக் கிழிக்கும். துப்பாக்கிக் கொல்லர் நுனியின் இரு பக்கத்தையும் இணையாகத் தேய்த்து, பிளவின் அடிவரை நிறைந்து நிற்கும் திருப்புளியைக் கொள்வர். கடிகாரக்காரரும் ஒவ்வொரு பிளவுக்கும் ஏற்ப நுனியைத் தேய்த்துக்கொள்வர். இந்த எளிய உண்மை இன்று சிலரிடம் மறைந்துவருவது வருத்தத்துக்குரியது. அவர்களுடைய ஆர்வத்தில் குறையில்லை. யாரையும் சுட்டுவதும் இம்மலரின் நோக்கமன்று. ஆயினும் காட்சிக்கு வரும் ரீல்களில் சிதைந்த திருகாணித் தலைகள் பெருகிவருவதைக் காணாமல் இருக்க முடிவதில்லை.

ஒரு பிளவு கிழிந்தால் ஒரு திருகாணி மட்டும் கெடுவதில்லை. கிழிந்ததை மறைக்கத் தலையைத் தேய்க்கிறார்கள். தேய்த்த இடம் மின்னுவதால் தட்டு முழுவதையும் பஃபிங் சக்கரத்தில் வைக்கிறார்கள். சக்கரம் விளிம்பை உருட்டுகிறது. தூண்டில் பிடித்த கை என்னும் பழைய ஹார்டி முத்திரையை மழுக்குகிறது. ஈயப் பூச்சையும் தொழிலாளியின் பெயரெழுத்தையும் அழிக்கிறது. நூறாண்டு ஆற்றிலும் மழையிலும் பிழைத்த ரீல் ஒரு பிற்பகலில் கண்ணாடியாகி நிற்கிறது. அதைப் பாராட்டுவோரும் வாங்குவோரும் இருக்கும்வரை இளைஞர் கற்பது மெருகையே. காதால் கேட்டுப் பழுதறியும் திறனும், உடைந்ததை உறையிலிட்டு வைக்கும் அடக்கமும் எங்கிருந்து வரும்? பொறுமையின்றிக் கையில் எடுக்கும் திருப்புளி ஒரு மரபையே அழித்துவிட வல்லது. மீக்கின் பட்டறையும் ஹார்டியின் பட்டறையும் வகுத்த தரம் ஒரு தலைமுறையில் மறைந்தால், அதை மீண்டும் கற்பிக்க யாரும் இருக்கமாட்டார்கள்.

மூத்தோர் காட்டிய வழி தெளிவானது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் ரீல்களின் பிளவுகளுக்கு ஏற்பத் திருப்புளியைத் தேய்த்துக்கொள்ள வேண்டும். பழுதுபார்த்த ரீல் எதுவும் சீட்டின்றிக் கைமாறலாகாது. காட்சியில் நடுவர்கள் முதலில் திருகாணிகளையும், அடுத்து முத்திரையையும், கடைசியாகவே தோற்றத்தையும் பார்க்க வேண்டும். திருகாணி சிதைந்த ரீல் எவ்வளவு மின்னினாலும் பரிசுக்குத் தகுதியற்றது என்பதைச் சங்கம் விதியாகவே ஏற்க வேண்டும்.