சொல்லுக்கு இடங்கொடுக்கும் இசை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர் நம் முன்னோர். பகுத்தது கற்றற்கு எளிமை கருதியே, பிரித்து வைப்பதற்கன்று. ஆயினும் இன்று இயல் வகுப்பறையிலும், இசையும் நாடகமும் ஆண்டுக்கொரு முறை விழா மேடையிலும் நின்றுவிட்டன. இந்நிலையில், கவிதையைப் பாடாமல் பேசும் குரலிலேயே சொல்லி, இசையை அதற்குத் துணையாக்கும் முயற்சிகள் உலகில் பலவிடத்தும் நடைபெறுகின்றன. அவற்றை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? அவ்வளவுகோலை வெளியே தேட வேண்டுவதில்லை.

இளங்கோவடிகளின் அளவுகோல்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, மாதவியின் ஆடலுக்குத் துணைநின்ற ஆசிரியர் ஒவ்வொருவரின் தகுதியையும் முறைப்படுத்திக் கூறுகிறது. அவருள் தண்ணுமை ஆசிரியனுக்கு வகுத்த இலக்கணம் ஈண்டு நோக்கத்தக்கது. பிற கருவிகளின் ஓசை குறையுமிடத்து நிரப்பவும், மிகுமிடத்து அடக்கவும் வல்லவனாய், தன் முழக்கம் வரம்பு கடவாமல் காப்பவனே அவன். முழக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. முழக்காமல் இருக்கவும் தெரிய வேண்டும் என்பது இதன் உட்பொருள். சொல்லோடு சேரும் இசைக்கு இதனினும் செம்மையான இலக்கணம் வேறு உண்டோ?

மேலைநாட்டு முயற்சி ஒன்று

ராக் இசைக்குரிய கருவிகளையே கொண்டு, ஆட்டத்திற்கும் ஆரவாரத்திற்குமன்றிச் சூழலையும் உணர்வையும் எழுப்புவதற்காக இசைக்கும் முறை ஒன்று உண்டு. அதற்குப் ‘போஸ்ட்-ராக்’ என்னும் பெயரை 1994ஆம் ஆண்டளவில் ஆங்கிலத் திறனாய்வாளர் சைமன் ரெனால்ட்ஸ் வழக்கிற்குக் கொண்டுவந்தார். அம்முறையைத் தழுவியது சான் பிரான்சிஸ்கோ நகரின் ‘எனேப்ளர்ஸ்’ என்னும் குழு. பரவலான புகழ் பெறாதது, ஆயினும் கருதத்தக்கது. அதன் குரல் பாடகருடையதன்று. பீட் சிமோனெலி என்னும் கவிஞருடையது. 2004இல் ‘எண்ட் நோட்’, 2006இல் ‘அவுட்புட் நெகட்டிவ் ஸ்பேஸ்’, 2008இல் ‘துண்ட்ரா’ என இசைத்தொகுப்புகள் வெளிவந்தன.

கவிஞர் தம் கவிதையை இயல்பான பேச்சுக் குரலில் சொல்லிச் செல்கிறார். கித்தார்கள் அக்குரலின் கீழே தாழ்ந்து ஒலிக்கின்றன. அடி முடியுமிடத்தில் எழுகின்றன. அடுத்த அடி தொடங்குமுன் மீண்டும் தாழ்கின்றன. சொல்லால் எட்ட முடியாத எல்லையில் இசை பேசுகிறது. சொல் பேசத் தொடங்கினால் இசை வழிவிடுகிறது. இரண்டாம் தொகுப்பின் பெயரே, ஓவியத்தில் உருவத்தைச் சூழ்ந்து நிற்கும் வெற்றிடத்தை நினைவூட்டுகிறது. தண்ணுமை ஆசிரியனின் இலக்கணம் இவர்பால் பெரிதும் பொருந்துகிறது எனலாம்.

எனினும் ஒரு குறையும் உண்டு. இங்குக் கவிஞர் தனியே பேசுகிறார். கேட்போரும் தனித்தனியே கேட்கின்றனர். இடையில் மறுமொழி இல்லை.

வில்லும் உடுக்கையும்

அம்மறுமொழியை நம் வில்லுப்பாட்டில் காணலாம். தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் கோயிற் கொடைகளில் வளர்ந்த இக்கலையைக் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பொதுமேடைக்குக் கொணர்ந்தார். கலைவாணரிடம் பணியாற்றிய சுப்பு ஆறுமுகம் (1928–2022) வாழ்நாளெல்லாம் அதனைப் போற்றி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். புலவர் பாடுகிறார், பாட்டை நிறுத்திக் கதையைப் பேசுகிறார். பேசும்போது வில்லின் மணியும் குடத்தின் ஓசையும் அடங்குகின்றன. பக்கத்திலிருப்போர் இடும் ‘ஆமாம்’ என்னும் ஒரு சொல், அவையோர் அனைவரின் உடன்பாடாக ஒலிக்கிறது. மேலைநாட்டுக் குழுவினர் வெற்றிடமாக விட்ட இடத்தை நம்மவர் உறவால் நிரப்பினர்.

நம் மண்ணின் நிலை

மலாக்கா மண்ணுக்கும் இவ்விலக்கணம் புதிதன்று. இங்கு மலாய்க்காரரும் பாபா நியோன்யா சமூகத்தாரும், தமிழ் வேருடைய மலாக்காச் செட்டிகளும், போர்த்துகீசிய வழியினரும் போற்றிவரும் டொண்டாங் சாயாங் கலையில், பந்துன் பாடல்களை இருவர் மாறிமாறிப் பாட, வயலினும் ரெபானாவும் கோங்கும் துணைநிற்கின்றன. யுனெஸ்கோ 2018இல் அதனை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

தமிழ் இளைஞரும் வாளாவிருக்கவில்லை. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ (2006) தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்புகளுள் முன்னோடி. மோனையும் எதுகையும் தமிழிளைஞர் நாவில் இன்னும் உயிரோடுள்ளன என்பதை அது உலகறியச் செய்தது. அவ்வகையில் மலேசியத் தமிழர் பெருமைகொள்ளலாம். ஆயினும் சொல்லிசையில் தாளமே தலைமை தாங்குகிறது. சொல் தாளத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியுள்ளது. நின்று மூச்சுவிட இடமில்லை. சினத்திற்கும் எழுச்சிக்கும் அது ஏற்ற வடிவம். அமைதிக்கும் ஆற்றாமைக்கும் அத்துணை ஏற்றதன்று.

வகுப்பறைக்கு ஒரு பயன்

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் ஒருகாலத்தில் திருவிழா இரவுகள் உடுக்கையொலியாலும் தப்போசையாலும் நிறைந்திருந்தன. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் பிழைப்புத் தேடி நகர்ப்புறத் தாமான்களுக்குப் பெயர்ந்தனர். கதை கேட்டு ‘ஆமாம்’ என்ற அவையும் கலைந்தது. அவ்வவையின் எச்சமாக இன்று நிற்பது பள்ளியின் கவிதை ஒப்புவித்தல் போட்டியே. அங்கோ பல மாணவர், முதலடி முதல் இறுதியடி வரை ஒரே உச்சக் குரலில் முழங்குகின்றனர். நிறுத்தம் என்றால் மறதி என்று அஞ்சுகின்றனர். குற்றம் அவருடையதன்று, நிறுத்தமும் கவிதையின் ஓர் உறுப்பு என்று அவர்க்குக் கற்பித்தார் இலர்.

இதற்கு மருந்து எளிது. ஒரு மாணவன் பாரதிதாசன் கவிதை ஒன்றைப் பேசும் குரலில் சொல்லட்டும். மற்றொருவன் உடுக்கையோ புல்லாங்குழலோ ஏந்தி, அடிகளின் இடைவெளியில் மட்டும் இசைக்கட்டும். முன்னவன் எங்கே நிற்பது என்று ஆராய்வான். பின்னவன் எங்கே அடங்குவது என்று ஆராய்வான். இருவரும் பொருளுணராமல் இதனைச் செய்ய இயலாது. உரைநூல் பல பக்கங்களில் விளக்குவதை அந்த ஒரு பயிற்சி விளக்கிவிடும். வகுப்பில் எஞ்சியோர் ‘ஆமாம்’ சொல்லக் காத்திருப்பார்களாயின், கலைந்த அவை மீண்டும் கூடிவிட்டது எனக் கொள்ளலாம்.