சிரிப்புக்குள் ஒரு குருவணக்கம்

கமல்ஹாசன் – வசனகர்த்தா கிரேஸி மோகன் கூட்டணியின் படங்களை இரண்டாம் முறை பார்ப்பதில்தான் சுகமே. முதல் முறை சிரிப்பிலேயே பாதி வசனம் போய்விடும். உள்ளே பொதிந்தவை அடுத்த முறைதான் காதில் விழும்.

‘அவ்வை சண்முகி’யை (1996) எடுத்துக்கொள்ளுங்கள். கதைக்கு வேர் ‘மிஸஸ் டவுட்ஃபயர்’ என்ற ஹாலிவுட் படம். பெயரோ நம் நாடக மேடையிலிருந்து வந்தது. ஔவையாராக நடித்துப் புகழ்பெற்ற டி.கே.சண்முகம், சிறுவயதுக் கமலுக்கு நாடக ஆசான். கமல் போட்ட மடிசார் மாமி வேடத்தின் பெயரிலேயே ஒரு குருவணக்கம்!

அந்தப் படத்தில் மீனா பெயர் ஜானகி. ‘அபூர்வ சகோதரர்கள்’ படத்தில் கௌதமியும் ஜானகி, ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ படத்தில் (2004) சினேகாவும் ஜானகி. தன்னை ஊக்குவித்த பள்ளி ஆசிரியையின் பெயரைத்தான் மோகன் இப்படி நாயகிகளுக்குச் சூட்டி மகிழ்ந்தார்.

‘வசூல்ராஜா’வில் தன்னை ஆழ்வார்பேட்டை ஆள் என்று பாடி ஆடுகிற கமல், நிஜத்திலும் ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் சாலையில் வசித்தவர். பாத்திரமும் நடிகரும் ஒரே விலாசத்தில் சந்திக்கிற பாட்டு அது.

இவை எதுவும் தெரியாதவருக்கும் படம் எங்கும் தடைபடாது, சிரிப்பும் குறையாது. தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒரு சிரிப்பு. உள்குறிப்பு வைக்கும் கலைக்கு இதுதான் இலக்கணம்.