எல்லோருக்கும் திறந்த ஃபோல்டர்

ஆடிட்டர் அலுவலகமோ அச்சகமோ, ஏழெட்டுக் கணினிகள் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். இருப்பதில் நல்ல கணினியில் ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, 'எவ்ரிஒன்' என்ற பெயருக்கு 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுத்துவிடுவார்கள். விண்டோஸோடு வரும் வசதி, தனிச் செலவில்லை, அரை மணி நேர வேலை.

இந்த முறையைக் குறைத்துப் பேச மாட்டேன். 1983-இல் வந்த நோவெல் நெட்வேர் என்ற நெட்வொர்க் மென்பொருள், கோப்புகளைக் காக்கவென்றே ஒரு கணினியை ஒதுக்கி வைக்கச் சொன்னது. அன்றைய கணினி விலையில் சிறு அலுவலகத்துக்கு அது எட்டாக்கனி. 1992-இல் வந்த 'விண்டோஸ் ஃபார் ஒர்க்குரூப்ஸ்', மேசைக் கணினிகளே கோப்பையும் பிரிண்டரையும் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வழிசெய்தது. ஒரு பிரிண்ட் எடுக்க ஃபிளாப்பியோடு அறைக்கு அறை நடந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை.

அந்த விடுதலையில் கைநழுவியதும் உண்டு. நெட்வேரில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. யார் எதைப் படிக்கலாம், எதை அழிக்கலாம் என்பதைத் தனித்தனியே வரையறுக்கலாம். அதன் பிற்காலப் பதிப்புகளில், அழித்த கோப்பைக்கூட டிஸ்க்கில் இடம் இருக்கும்வரை மீட்க முடிந்தது. இன்றைய ஷேர் ஃபோல்டரிலோ, பக்கத்து மேசையிலிருந்து ஒரு கோப்பை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போவதில்லை. கணக்கு முடிக்கும் மாதத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

'ஃபுல் கன்ட்ரோல்' மனிதர்களுக்கு மட்டும் கிடைப்பதில்லை என்பது இன்னும் கவலைக்குரியது. ஒரு கணினியில் புகுந்த ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்), அந்தப் பயனருக்கு எழுதும் உரிமை உள்ள ஃபோல்டர் அத்தனையையும் பூட்டிவிடும். 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், விண்டோஸ் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தாவியது. அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

மாற்று என்ன? விண்டோஸ் சர்வர் வாங்கினால், அதற்கும் அதைப் பயன்படுத்துவோருக்கும் தனித்தனி லைசென்ஸ். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1991-இல் எழுதத் தொடங்கிய சாம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் இலவசம். பழைய கணினியில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம். அமைத்துக் கொடுத்தவர் ஊர் மாறிப் போனால் அலுவலகம் தவிக்கும் என்பதுதான் அதன் குறை. பெரும்பாலும் அதே சாம்பாவை உள்ளே வைத்துப் பெட்டியாக விற்கப்படும் நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புக்) கருவியை பிரவுசர் வழியே நிர்வகிக்கலாம். ஐந்து கணினிகளைத் தாண்டிய அலுவலகத்துக்கு என் பரிந்துரை அதுவே.

அதற்குக் குறைவென்றால் ஷேர் ஃபோல்டரே போதும். ஆனால் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் வேண்டும். தினமும் பேக்கப் எடுத்த டிஸ்க்கைக் கழற்றி வைக்க வேண்டும். எதையும் வாங்குமுன், இன்று மாலையே உங்கள் ஷேர் ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 'எவ்ரிஒன்' இருந்தால் நீக்கிவிட்டு, வேலைக்குத் தேவையானவர்களின் பெயர்களை மட்டும் சேருங்கள்.