கட்டடம் இல்லாத தியேட்டரின் வரலாறு

பழைய தியேட்டர்களைப் பற்றி எழுதுவது தமிழில் தனி ஒரு எழுத்து வகையாகவே வளர்ந்துவிட்டது. ஒரு தியேட்டரை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும். அங்கே போட்ட முதல் படம், வெள்ளி விழா கண்ட படங்கள், நடிகர்கள் வந்துபோன நாள், முதலாளியின் குடும்ப வரலாறு, கடைசிக் காட்சி எல்லாம் சேர்ந்து ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. இந்த உழைப்பு மதிக்கத் தக்கது. இடித்த மனையில் ஜவுளிக்கடையோ கல்யாண மண்டபமோ எழும்பிய பிறகு அந்தத் தகவலைத் தேடிப் போக யாருக்கும் தோன்றாது. ஆனால் இந்த ஆய்வு முறை நகரத்துக் கட்டடங்களைப் பார்த்து உருவான முறை. திண்டுக்கல்லை விட்டு நத்தம் சாலையில் சாணார்பட்டிப் பக்கம் வந்தால் அது தடுமாறுகிறது. சிறுமலைக்கு வடக்கே விரிந்து கிடக்கும் இந்த மாந்தோப்பு, கடலைக்காட்டுச் சமவெளியைப் போன்ற பகுதிகளுக்கு சினிமா பெரும்பாலும் கீற்றுக் கொட்டகையாகத்தான் வந்தது. வந்த கொட்டகை ஓரிடத்தில் நிலைத்தும் இருக்கவில்லை.

முதலில் இந்த முறை சாதித்ததைச் சொல்லவேண்டும். கோவையைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் திருச்சியில் ரயில்வே வரைவாளர் வேலையில் இருந்தவர். 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். இன்று இது பரவலாகத் தெரிந்த கதையாக இருப்பதற்குக் குடும்பத்தார் நினைவு, பழைய காகிதங்கள், வெரைட்டி ஹால் ரோடு என்று நிலைத்துவிட்ட தெருப்பெயர் ஆகிய மூன்றையும் ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்ததுதான் காரணம். சு. தியடோர் பாஸ்கரன் 1981-இல் வெளியிட்ட ஆங்கில நூல் நாடக மேடையையும் சினிமாவையும் தேசிய இயக்கத்தோடு சேர்த்துப் படித்தது. மானுடவியலாளர் ஸ்டீபன் ஹியூஸ் மௌனப்படக் காலத் தென்னிந்தியத் தியேட்டர்களையும் அங்கே கூடிய ஜனங்களையும் பற்றி விரிவாக எழுதினார். சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927-28-இல் இயங்கிய இந்திய சினிமாட்டோகிராப் குழுவின் சாட்சியத் தொகுதிகள் போன்ற ஆவணங்கள் அந்தக் காலத்துக்கு உண்டு. தியேட்டர் நடத்தியவர்களே குழுவின் முன் வந்து பேசியது அச்சில் கிடைக்கிறது.

மௌனப்படக் காலத்துக்கு இவ்வளவு இருக்கிறது. 1950-களிலிருந்து 80-கள் வரை, கொட்டகைகள் மிகுந்திருந்த காலத்துக்குத்தான் ஆள் குறைவு. அந்தக் காலத்தை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் நினைவை மட்டும் நம்பி வருகிறார்கள்.

எந்த நினைவை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு 'ஹரிதாஸ்' நல்ல உதாரணம். 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே தியேட்டரில் வெளியாகி மூன்று தீபாவளி கண்ட படம் என்பார்கள். எத்தனை வாரம் ஓடியது என்று கேட்டால் 110 என்று ஒருவர் எழுதுகிறார், 114 என்று இன்னொருவர், 133 என்று வேறொருவர். ஆய்வாளர்கள் இதில் எது சரி என்று சண்டை போடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1944 தீபாவளியிலிருந்து 1946 தீபாவளி வரை சுமார் 105 வாரம். 1947 தீபாவளி வரை எண்ணினால் 160 வாரம். ஆக, மூன்று எண்களில் எதை எடுத்தாலும் 'மூன்று தீபாவளி' என்பது பொருந்துகிறது. ஜனங்கள் பண்டிகையை வைத்துச் சொன்னது நிற்கிறது. வாரக் கணக்கு விளம்பரத்திலிருந்து கட்டுரைக்கும், அந்தக் கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்கும் இடம் மாறிய எண். துல்லியமாகத் தோன்றுவதால் அதைத்தான் எல்லோரும் நம்புகிறார்கள்.

மதுரை தங்கம் தியேட்டர் விஷயமும் இப்படித்தான். 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த அந்தத் தியேட்டரை ஆசியாவிலேயே பெரியது என்று எழுதாதவர் இல்லை. 2,563 இருக்கை என்ற எண்ணும் கூடவே வரும். எண் இருக்கட்டும். ஆசியாவின் எந்த நகரத்துத் தியேட்டர்களோடு ஒப்பிட்டு இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று அந்தக் கட்டுரைகள் சொல்வதில்லை. மதுரைக்காரர்களின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமில்லை. அந்தப் பெருமையே ஒரு வரலாற்றுச் செய்திதான். ஆனால் பெருமையை ஆதாரமாக அடுக்கி வைத்தால், அதற்கு மேல் யாரும் எதையும் தேடமாட்டார்கள்.

கொட்டகைக்கு வரும்போது இந்தக் குறை பெரிதாகிறது. தியேட்டரின் வயதைக் கணிக்க ஆய்வாளர்கள் கையாளும் எளிய வழி, முதலில் போட்ட படம் எது என்று கேட்டு, அந்தப் படம் வெளியான ஆண்டைத் தியேட்டர் திறந்த ஆண்டாகக் கொள்வது. தங்கம் மாதிரிப் புதுப்படம் போடும் ஏ சென்டர் தியேட்டருக்கு இது சரிப்படும். சி சென்டர் டூரிங் கொட்டகைக்குச் சரிப்படாது. அங்கே படப்பெட்டி வந்து சேர்வதற்குள் நகரத்தில் அந்தப் படம் ஓடித் தேய்ந்து, பல மாதம், சில சமயம் பல வருஷம்கூட ஆகியிருக்கும். கீறல் விழுந்த பிரிண்ட்டைத்தான் கிராமம் பார்த்தது. 'எங்க ஊர்க் கொட்டகையில மொதப் படம் பராசக்தி' என்று ஒரு பெரியவர் சொன்னால், அந்தக் கொட்டகை 1952-க்கு முந்தியதல்ல என்பது மட்டும்தான் நிச்சயம். 1960-ஆகவும் இருக்கலாம்.

காலத்தைக் குறித்துக்கொள்ளப் படத்தை விடப் பலமான ஆணிகள் திண்டுக்கல் வட்டாரத்தில் உண்டு. முக்கியமானது 1973 இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். தனிக்கட்சி கண்டபின் நடந்த முதல் பெரிய பரீட்சை. இரட்டை இலைச் சின்னத்தில் மாயத்தேவர் ஜெயித்த தேர்தல். மே 11-இல் 'உலகம் சுற்றும் வாலிபன்' வெளியானது, மே 20-இல் வாக்குப்பதிவு. இந்தப் பக்கத்தில் அறுபது எழுபது வயது கடந்தவர்களுக்குப் படமும் தேர்தலும் ஒரே நினைவாகக் கலந்திருப்பதில் வியப்பில்லை. தேர்தல் சமயத்தில் ஊர்க் கொட்டகையிலேயே அந்தப் படத்தைப் பார்த்ததாக ஒருவர் சொன்னால் நான் தயங்குவேன், ஏனென்றால் ரிலீசான மாதத்தில் அப்படிப்பட்ட படம் கொட்டகைக்கு வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் 'மாயத்தேவர் எலெக்‌ஷனுக்கு முந்தியே கொட்டகையைப் பிரிச்சிட்டாங்க' என்று சொன்னால் அதைக் குறித்துக்கொள்வேன். 'எந்த வருஷம்ங்கய்யா?' என்ற கேள்விக்கு வரும் பதிலைவிட, 'அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? மூத்த பிள்ளை பிறந்திருச்சா?' என்ற கேள்விக்கு வரும் பதில் நம்பத் தகுந்தது.

காகிதத்துக்கு வருவோம். கொட்டகைக்குக் காகிதமே இல்லை என்று பலரும் தேடாமலே விட்டுவிடுகிறார்கள். உண்மையில், அரசாங்கத்தின் கண்ணில் கொட்டகைதான் அதிகம் பட்டது. 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957 விதிகளும் நிரந்தரத் தியேட்டர், அரை நிரந்தரம், டூரிங் என்று வகை பிரித்தன. லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் கலெக்டருக்கு. பொதுப்பணித்துறையின் கட்டடச் சான்று, மின் ஆய்வாளரின் சான்று எல்லாம் வேண்டியிருந்தது. டூரிங் லைசென்ஸ் குறிப்பிட்ட காலத்துக்குத்தான், அதனால் திரும்பத் திரும்ப விண்ணப்பம் போடவேண்டியிருந்தது. நிரந்தரத் தியேட்டருக்கு இவ்வளவு தூரத்துக்குள் கொட்டகை போடக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருந்ததால், தூரத்தைக் குறித்து வழக்குகள்கூட நடந்தன. கட்டடத் தியேட்டரைவிட அடிக்கடி அதிகாரியின் மேசைக்குப் போனது இடம் மாறும் கொட்டகைதான்.

அப்படியானால் அந்தக் கோப்புகள் எங்கே? திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். அதற்கு முன் சாணார்பட்டி மதுரை மாவட்டத்தில் இருந்தது. கொட்டகைகளின் உச்சகாலக் கோப்பைத் திண்டுக்கல்லில் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பி, 'ஆவணம் இல்லை' என்று எழுதிவிட நேரும். தேடவேண்டிய இடம் மதுரை. அங்கேயும் எல்லாம் கிடைக்காது. நிரந்தரமாக வைக்கும் ஆர்.டிஸ். வரிசையில் போன கோப்பு பிழைத்திருக்கும். பத்தாண்டு வைத்து அழிக்கும் டி.டிஸ். வரிசையில் போனதும், இன்னும் குறைந்த ஆயுள் கொண்டவையும் போய்விட்டிருக்கும். ஆனால் கோப்பு அழிந்தாலும் பதிவேட்டில் ஒரு வரியாவது மிஞ்ச வாய்ப்புண்டு. அந்த ஒரு வரியில் ஊர் பெயரும் தேதியும் இருந்தால் எத்தனையோ நினைவுகளைச் சரிபார்த்துவிடலாம்.

காகிதமும் புனிதமல்ல. லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும், நடத்துவது குத்தகைக்கு எடுத்த இன்னொருவர். 1939 சட்டப்படி கேளிக்கை வரி வசூலித்தார்கள். வரிக்குப் பயந்து டிக்கெட்டைக் குறைத்துக் காட்டுவது இந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். அதனால் டி.சி.ஆர். எனப்படும் அன்றாட வசூல் கணக்கு உண்மையைவிடத் தாழ்ந்திருக்கும், விளம்பரம் உண்மையைவிட உயர்ந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தெரிந்தவருக்கே பயன். மதுரையில் 1942-இல் தொடங்கிய தினத்தந்தியின் பழைய சினிமா விளம்பரங்களையும், ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி இடங்களில் காத்து வைத்திருக்கும் பாட்டுப் புத்தகங்களையும், சினிமாப் பத்திரிகைகளையும் இதே எச்சரிக்கையோடுதான் எடுக்கவேண்டும்.

என்னை அதிகம் வருத்தும் குறை வேறு. நினைவுக் கட்டுரைகளில் கொட்டகை எப்போதும் இன்பமயமாகவே வருகிறது. மணலைக் குவித்து உட்கார்ந்தது, ஒரே புரொஜெக்டர் என்பதால் பாகத்துக்குப் பாகம் வந்த இடைவேளை, முறுக்கு, சோடா. எல்லாம் உண்மை. ஆனால் 1979-இல் தூத்துக்குடியில் லட்சுமி டாக்கீஸ் தீப்பிடித்து ஏராளமானோர் மாண்டதும் கொட்டகையின் வரலாறுதான். கீற்றுக் கூரை, ஒடுங்கிய வாசல், உள்ளே அடைந்த கூட்டம். சட்ட விதிகள் ஏன் அவ்வளவு நுணுக்கமாக இருந்தன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். தூத்துக்குடிவாசிகள் மறக்கவில்லை. ஏக்கத்தில் எழுதப்படும் பொதுக் கட்டுரைகள்தான் இதைத் தொடுவதில்லை.

சாதி விஷயத்திலும் அப்படியே. தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பார்த்த முதல் கலை அரங்கம் சினிமாக் கொட்டகை என்ற கருத்தைப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் முன்வைத்தார். பிறகு வந்தவர்கள் அதை முடிவாகவே எடுத்துக்கொண்டார்கள். நான் அதை ஒரு கேள்வியாக ஊருக்குள் கொண்டுபோக விரும்புகிறேன். தரை, பெஞ்சு, சேர் என்று காசால் பிரித்த இடத்தில் பழைய பிரிவினை எவ்வளவு கரைந்தது, எவ்வளவு டிக்கெட் விலைக்குள் ஒளிந்துகொண்டது? காசு வைத்திருந்த தலித் இளைஞர் ஒருவர் சேர் டிக்கெட் எடுத்தால் என்ன நடந்தது? பக்கத்து ஊர்க் கொட்டகைக்கு ரெண்டாம் ஆட்டம் போய்விட்டு எந்தத் தெரு வழியாகத் திரும்பினார்கள்? இதற்கான பதில் எந்தக் கோப்பிலும் இராது, நினைவில்தான் இருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் பேட்டி எடுப்பது முதலாளி வாரிசையும் ரசிகர் மன்றத் தலைவரையும். அவர்கள் இருவரும் ஆண்கள். பெண்கள் பக்கத் தட்டிக்கு அந்தப்புறம் உட்கார்ந்திருந்தவர்களிடம் யாரும் போவதில்லை. சாரா டிக்கி 1993-இல் வெளியிட்ட நூலுக்காக மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் பெண்களிடமும் பேசினார்; நம்மவர்கள் அதைத் தொடர்ந்திருக்க வேண்டும்.

1930-களில் பிரிட்டனில் சினிமா பார்த்தவர்களை முதுமையில் சந்தித்துப் பேசிய அன்னெட் கூன், படத்தின் கதையைவிடத் தியேட்டருக்குப் போய்வந்த அனுபவமே அவர்கள் மனத்தில் தங்கியிருந்ததைக் கண்டார். மகாராஷ்டிரத் திருவிழாக்களில் லாரியில் கூடாரம் ஏற்றிப் படம் காட்டியவர்களைப் பற்றி ஷர்லி ஆபிரகாமும் அமித் மாதேசியாவும் 2016-இல் வெளியிட்ட ஆவணப்படம் அந்த லாரிகளின் பின்னாலேயே போனது. நமக்கு வேண்டியதும் அதுதான். சாணார்பட்டி ஒன்றியத்துக்குத் தியேட்டர் பட்டியல் தயாரிப்பதைவிட, ஒரு கொட்டகை எந்த ஊரில் பிரிந்து எந்த ஊரில் எழுந்தது, திண்டுக்கல்லிலிருந்து படப்பெட்டி எந்த பஸ்ஸில் ஏறி வந்தது, அறுவடை முடிந்த மாதங்களுக்கும் லைசென்ஸ் கேட்ட மாதங்களுக்கும் பொருத்தம் உண்டா என்று வழித்தடத்தை வரைவது பயன் தரும். அப்படி வரைந்தால் தொலைக்காட்சி வந்த பிறகு எந்த ஊரில் கொட்டகை முதலில் நின்றது என்பதும் தெரியவரும்.

கார்பன் குச்சி மாட்டி ஓட்டிய ஆபரேட்டர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், பெட்டி சுமந்தவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். கலெக்டர் அலுவலகப் பதிவறைக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவை அனுப்பிவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்காமல் இவர்களிடம் போய்விட வேண்டும். பேச்சைப் பதிவு செய்துகொண்டு, லைசென்ஸ் பதிவேடு கைக்கு வந்த பிறகு அந்தத் தேதிகளோடு அதே ஆட்களிடம் இரண்டாம் முறை போகவேண்டும். இதுவரை வந்த தியேட்டர் கட்டுரைகளில் பெரும்பாலானவை முதல் பேட்டியோடு முடிந்துபோனவை.