இருட்டின் அருமை

பெங்களூரு ஈஜிபுராவின் ஒடுக்கமான சந்துகளில் எதிர்வீட்டு விளக்கு நம் அறை வரை எட்டிப் பார்க்கும். அங்கே புரொஜெக்டர் வாங்குபவர் முதலில் சேர்க்க வேண்டியது இருட்டு. புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. ஒளி விழாத இடம்தான் கறுப்பு. வெளிச்சம் கசிந்தால் படத்தின் இரவுக் காட்சியெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

செலவு அதிகமில்லை. ஜன்னலைவிடப் பக்கத்துக்கு அரையடி அகலமாகக் கம்பி மாட்டி, கனத்த திரைச்சீலையைச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டால் ஓரக்கசிவு நிற்கும். வென்டிலேட்டருக்குக் கறுப்பு சார்ட் அட்டை போதும். திரையைச் சுற்றியுள்ள வெள்ளைச் சுவர் படத்தின் ஒளியையே திரைமேல் திருப்பியடிக்கும். அங்கே கறுப்பு வெல்வெட் வேண்டும். அதன் நிமிர்ந்த நுண்ணிழைகளுக்குள் புகுந்த ஒளி பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடுகிறது. வெளிச்சத்தில் வெளுக்கும் விலையுயர்ந்த புரொஜெக்டரைவிட, நன்றாக இருட்டிய அறையில் சாதாரணப் புரொஜெக்டரே கண்ணுக்கு நிறைவு.