காவலருக்கும் வழக்குரைஞரா?

சிலப்பதிகாரத்தைக் கற்றோர் பலர். அதனை மேடையில் முழங்கினோர் அவரினும் பலர். கண்ணகியின் கண்ணீரைப் பாடுகிறோம். சிலம்பு தெறித்த காட்சியை எண்ணிச் சிலிர்க்கிறோம். ஆயின், கோவலன்மீது வாள் வீசினானே ஒரு காவலன், அவன் என்ன ஆனான் என்று கேட்டோமா?

கொலைக்களக் காதையைக் கூர்ந்து நோக்குவோம். பொற்கொல்லன் சொல்லை நம்பி மன்னன் ஆணையிடுகிறான். காவலர் செல்கின்றனர். அவர்களுள் ஒருவன், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்று ஐயுறுகிறான். ஐயம் தோன்றிய இடத்தில் விசாரணை தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கல்வியறிவற்ற குடிவெறியன் ஒருவனின் வாள் முந்திக்கொண்டது. கோவலனுக்காகப் பேச ஒருவரும் இல்லை. அவன் இறந்த பின்னரே வழக்குரைக்க வந்தாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று சான்று காட்டி வென்றாள். வாதம் வென்றது, வாழ்வு மீளவில்லை.

இளங்கோவின் கவிதைத் திறம் கண்டு வியக்கும் நாம், அவர் ஊழ்வினையை இழுத்து வந்து நிறுத்துவதை ஏற்க இயலாது. ஆணையிட்டவன் மன்னன், வெட்டியவன் காவலன், தூண்டியவன் பொற்கொல்லன். மூவரும் இருக்க, பழியை முற்பிறப்பின் தலையில் ஏற்றுவதா? மன்னன் தன் பிழையுணர்ந்து மாண்டான். காவலனோ காப்பியத்திலிருந்தே மறைந்துவிட்டான்! அவனை எவரும் கூண்டில் ஏற்றவில்லை. ஏன் வெட்டினாய் என்று கேட்கவுமில்லை. மாறாக, பின்னர் நடந்தது என்ன? கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது நூல். தவறிழைத்தவன் ஒருவன், தலை கொடுத்தவர் ஆயிரவர்! விசாரணையின்றி வீழ்ந்த ஓர் உயிருக்கு, விசாரணையின்றி வீழ்த்திய ஆயிரம் உயிர்கள் ஈடாம். இதற்குப் பெயர் நீதியா? பழிவாங்கலுக்கு நீதி என்று பெயர் சூட்டிய கொடுமையன்றோ இது!

பழங்கதைதானே என்று ஒதுக்கிவிட வேண்டா. நம் காலத்திலேயே கோவையில் நடந்ததைக் காண்போம். வழக்கறிஞர் ஒருவர் தொடர்பான நிகழ்ச்சியில் காவலர்கள்மீது குற்றவழக்கு எழுந்தது. அக்காவலர்களுக்காக எங்கள் உறுப்பினர் எவரும் வாதாடமாட்டார் என்று அந்நகர வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் இயற்றியது. ஏ. எஸ். முகமது ரஃபி வழக்கில், 2010 டிசம்பர் 6 அன்று, உச்சநீதிமன்றம் இதனை வன்மையாகக் கண்டித்தது. இத்தகைய தீர்மானங்கள் சட்டத்திற்கும் தொழில் அறத்திற்கும் மாறானவை. எத்துணைக் கொடியவனாகக் கருதப்படுபவனுக்கும் தன் தரப்பை எடுத்துரைக்க வழக்குரைஞர் வேண்டும் என்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் தீர்ப்பளித்தனர்.

பகுத்தறிவாளர் போற்றும் தாமஸ் பெயினையும் அத்தீர்ப்பு நினைவூட்டியது. ‘மனித உரிமைகள்’ என்னும் நூலுக்காக 1792இல் இங்கிலாந்தில் அவர்மீது அரசு வழக்கு நடந்தது. அவருக்காக வாதாட முன்வந்தார் தாமஸ் எர்ஸ்கின். அதனால் இளவரசரின் தலைமை வழக்கறிஞர் பதவியை இழந்தார், வழக்கிலும் தோற்றார். ஆயினும், ஆள்வோர் வெறுக்கும் மனிதனுக்கும் வாதாட ஆள் உண்டு என்னும் மரபு நிலைத்தது. பெயினுக்கு அவ்வுரிமை வேண்டும் என்போம். காக்கிச் சட்டைக்காரனுக்கு மட்டும் வேண்டாம் என்போமா? என்றால், நாம் போற்றுவது கொள்கையையா, நமக்குப் பிடித்த ஆளையா?

எனவே உரக்கச் சொல்வோம்: குற்றஞ்சாட்டப்பட்ட காவலருக்கு வழக்குரைஞர் வேண்டும். தக்க எதிர்வாதத்தைத் தாங்கி நின்ற தண்டனையே மேல்முறையீட்டிலும் நிலைக்கும்.

ஆனால் அதே மூச்சில் காவலரை நோக்கி ஒரு கேள்வி. உங்கள் சிறைக்கொட்டடியில் இருப்பவனுக்கு இவ்வுரிமையைத் தந்தீர்களா? கைதானவன் தன் விருப்பப்படி வழக்குரைஞரைக் கலந்துகொள்ளலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. விசாரணை நேரம் முழுவதும் இல்லையெனினும், விசாரணையின்போது வழக்குரைஞரைச் சந்திக்க விடலாம் என்றது 1996ஆம் ஆண்டின் டி. கே. பாசு தீர்ப்பு. அத்தனையும் ஏட்டில் இருக்க, 2020 ஜூன் 19 அன்று சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்டனர் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும். கோவில்பட்டிக் கிளைச்சிறைக்கு அனுப்பப்பட்ட மகன் 22ஆம் நாளும், தந்தை 23ஆம் நாளும் மாண்டனர். பின்னர்க் காவலர் ஒன்பதின்மர் மதுரை நீதிமன்றத்தில் விசாரணையை எதிர்கொண்டனர். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அவர்களுக்கு இருந்தது, இருக்கவே வேண்டும். அத்தந்தைக்கும் மகனுக்கும் அந்த முதல் இரவில் காவல் நிலையத்தில் துணை நிற்க யார் இருந்தார்?

காஞ்சிக்கு அருகே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11ஆம் நூற்றாண்டிலேயே 15 படுக்கைகளோடு அங்கு மருத்துவமனை இருந்ததென அது கூறும். பெருமைக்குரிய செய்திதான். ஆனால் யாருக்காக அம்மருத்துவமனை? வேதம் பயின்ற மாணவர்க்கும் கோயில் பணியாளர்க்கும்! ஏர் பிடித்தவனுக்கும் தறி நெய்தவனுக்கும் அங்கே இடமிருந்ததாகக் கல்வெட்டு கூறவில்லை. சிலருக்கு மட்டும் திறக்கும் கதவைச் சலுகை என்போம். உரிமை என்று சொல்லோம்.

வழக்குரைஞர் துணையும் இன்று அந்நிலையில்தான் நிற்கிறது. சீருடைக்காரருக்குக் கதவு திறக்கிறது; சீலை நெய்பவனுக்கு அடைத்துக் கிடக்கிறது. திறந்த கதவை மூடச் சொல்வது நம் வேலையன்று. தோழர்களே, உங்கள் தெருவிலிருந்து நெசவாளி ஒருவனை இன்றிரவு காவல் நிலையத்திற்கு அழைத்துச் சென்றால், வழக்குரைஞர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். சிலம்பு உடைந்த பின் வாதாட வேண்டா. வாள் ஓங்கும் முன்பே வாதாடுவோம்!