பிணமும் கணக்குப் புத்தகமும்

1947 ஜனவரி 15ஆம் திகதி லொஸ் ஏஞ்சலஸ் நகரின் ஒரு வெற்றுக் காணியில் எலிசபெத் ஷோர்ட் என்ற இளம்பெண்ணின் உடல் இரு துண்டாகக் கிடந்தது. கொன்றவர் யாரென்று இன்றுவரை நிறுவப்படவில்லை. துப்புக் கிடைக்காத அந்தக் கொலையைக் கருவாக எடுத்து ஜோன் கிரெகரி டன் 1977இல் ஒரு நாவல் எழுதினார். அவரும் அவர் மனைவி ஜோன் டிடியனும் சேர்ந்து அதற்குத் திரைக்கதை அமைக்க, உலு குரோஸ்பார்ட் இயக்கத்தில் 1981இல் வெளிவந்தது ‘ட்ரூ கன்ஃபெஷன்ஸ்’. டெஸ்மண்ட் ஸ்பெலசி (ரொபர்ட் டி நீரோ) கர்தினாலின் வலக்கையாக இருக்கும் குருவானவர். டொம் ஸ்பெலசி (ரொபர்ட் டுவால்) கொலையைத் துப்புத் துலக்கும் பொலிஸ்காரர். இருவரும் ஒரு தாய் பிள்ளைகள். ஒருவர் கையில் மறைமாவட்டத்தின் காணியும் கட்டிட ஒப்பந்தங்களும், மற்றவர் கையில் பிணம். இரண்டு வழிகளும் ஜாக் ஆம்ஸ்டர்டாம் என்ற கட்டிட முதலாளியின் வாசலில் வந்து சேர்கின்றன.

ஒரு நிறுவனத்தின் அழுகலைக் காட்ட முதலில் ஒரு பிணத்தைக் கிடத்துவதும், பிறகு அந்த நிறுவனத்தை ஓர் இரத்த உறவுக்குள் சுருக்குவதும் சினிமாவில் நெடுநாள் வழக்கம். திருச்சபையைப் பற்றிய படங்களில் அது இன்னும் கூடுதல். இந்த வழக்கம் எதைத் தருகிறது, எதைப் பறிக்கிறது என்று எடைபோட ‘ட்ரூ கன்ஃபெஷன்ஸ்’ பொருத்தமான படம். அந்த வழக்கத்தின் உச்சமும் அதுதான், அதன் எல்லை தெரிவதும் அதில்தான்.

முதலில் அது தருவதைப் பார்ப்போம். ஒப்பந்தம், காணி விலை, நன்கொடை, பாடசாலைக் கட்டிடம் ஆகியவற்றைத் திரையில் காட்டினால் யாரும் இருக்கை நுனிக்கு வரமாட்டார்கள். ஊழல் என்பது பெரும்பாலும் கடதாசியில் நடப்பது. கடதாசிக்கு முகம் கிடையாது. சகோதரர் என்ற ஏற்பாடு அந்த முகத்தைத் தருகிறது. டொம் நல்லவர் அல்லர். விபசார விடுதிகளிடமிருந்து பொலிசுக்குப் பணம் வாங்கிச் சேர்த்தவர் அவர். ஆம்ஸ்டர்டாமின் பழைய தொழில் அவருக்குத் தெரிந்தது அப்படித்தான். டெஸ்மண்ட் அதே மனிதனிடமிருந்து திருச்சபைக்குக் கட்டிடங்களை வாங்குகிறார். அழுக்குப் பணத்தை ஒருவர் சீருடையில் வாங்கினார், மற்றவர் அங்கியில் வாங்குகிறார். இருவரையும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக்கியதால் படத்துக்கு இந்தச் சமன்பாட்டை வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. ஒருவரை ஒருவர் குற்றம்சாட்ட முடியாதபடி இருவரும் கட்டுண்டு நிற்கிறார்கள்.

டி நீரோவின் டெஸ்மண்ட் இன்னும் நுட்பமான வார்ப்பு. தனக்கென்று அவர் ஒரு சதமும் எடுப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், கோயில் வேண்டும், குறைந்த விலையில் கட்டித்தர ஆள் வேண்டும். அதற்குப் பதிலாக அந்த ஆளுக்கு ஒரு பட்டம் கொடுக்கவேண்டும், ஒரு விருந்து வைக்கவேண்டும், அவ்வளவுதான். தடையாக நிற்கும் வயது முதிர்ந்த குருவானவர் சேமஸ் ஃபார்கோவை ஓரங்கட்டுவதும் அவர் வேலைதான். அதே கிழவரிடம் டெஸ்மண்ட் முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யும் காட்சியைத்தான் நான் இந்தப் படத்தின் இதயமென்று கொள்வேன். அங்கே கொலை இல்லை, பெண் இல்லை. அதிகாரத்தின் மேல் கொண்ட ஆசையை ஒரு மனிதர் பெயர் சொல்லி ஒப்புக்கொள்கிறார். அதைக் கேட்பவர் அந்த ஆசையால் அடிபட்டவர். திருச்சபை ஊழலைப் பற்றி இவ்வளவு குறைந்த சத்தத்தில் இவ்வளவு சரியாகப் பேசிய காட்சிகள் மிகச் சில.

பிணம் கிடத்தும் வழக்கத்தை இந்தப் படம் உள்ளிருந்தே மீறவும் செய்கிறது. கடைசியில் கொலையாளி ஆம்ஸ்டர்டாம் அல்லர். ஆபாசப் படம் எடுத்த ஒருவன், அவனும் வழக்குக்கு முன்பே வாகன விபத்தில் செத்துவிட்டான். டொம்முக்கு இது தெரிந்த பிறகும் அவர் ஆம்ஸ்டர்டாமை விடுவதில்லை. கொலை செய்யாதவரையும் விடக்கூடாத அளவுக்கு வேறு குற்றங்கள் உண்டு என்று படம் கருதுகிறது. இது நேர்மையான கருத்து.

ஆனால் அந்த இடத்திலேயே அதன் கால் இடறுகிறது. டெஸ்மண்டை வீழ்த்துவது ஒப்பந்தக் கணக்கு அல்ல. கொலையுண்ட பெண்ணை அவரும் ஒருமுறை சந்தித்திருக்கிறார் என்ற செய்திதான். பல ஆண்டுகள் பொதுப்பணத்தை ஒரு மோசடிக்காரரின் பெட்டிக்குள் ஓடவிட்ட குற்றத்துக்காக எவரும் அவரிடம் விளக்கம் கேட்கவில்லை. வழியில் வாகனத்தில் ஏற்றிவந்த ஒரு பெண்ணின் பெயர் அவர் பெயருடன் ஒட்டியதும் எல்லாம் முடிந்துவிடுகிறது. ஊழலைக் கேட்க வந்த படம் அவதூறில் வந்து முடிகிறது. சினிமா மட்டும் செய்யும் தவறு அல்ல இது. நம் ஊர்களிலும் ஒரு குருவானவரைப் பற்றிய பேச்சு கிளம்பினால் அது எப்போதும் பெண்ணைப் பற்றியதாகவே இருக்கும், கணக்கைப் பற்றியதாக இருக்காது. கொலைக்கதை அந்தப் பழக்கத்துக்கு இன்னும் எண்ணெய் ஊற்றுகிறது.

அந்தப் பெண்ணுக்கும் நியாயம் கிடைப்பதில்லை. படத்தில் அவள் பெயர் லோயிஸ் ஃபசெண்டா. வெட்டுண்ட உடலாக வருகிறாள், ஒரு ஆபாசப் படச்சுருளில் வருகிறாள். டொம்முக்குப் பழைய பழக்கமுள்ள விடுதிக்காரி பிரெண்டா தற்கொலை செய்துகொள்கிறாள். இரண்டு பெண்கள் செத்த பிறகு இரண்டு ஆண்கள் பாலைவனத்து ஏழைக் கோயில் ஒன்றின் வாசலில் சமாதானமாகிறார்கள். பதவி இழந்து அங்கே அனுப்பப்பட்டதே தன்னை மீட்டது என்று டெஸ்மண்ட் நினைக்கிறார். அவருக்கு மீட்பு கிடைத்தது சரி. மறைமாவட்டத்தின் கணக்கு? அதைப் பிறகு எழுதியவர் யார், கட்டிடம் யாருக்குப் போனது? படம் திரும்பிப் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் பெரிதாகப் படுகிறது என்பதற்குக் கண்டக்குழியைச் சொல்லவேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டின் கடற்கரையில், சிலாபம் மறைமாவட்டத்துக்குள் இருக்கும் மீன்பிடி ஊர் அது. இத்தகைய கரையூர்களில் கோயில் வெறும் பூசைக்கான இடமல்ல. சண்டை தீர்ப்பதும், பள்ளிக்கூடத்துக்காகப் பேசுவதும், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கு ஊரைக் கூட்டிப்போவதும் கோயிலை ஒட்டித்தான். நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் வரப்போகிறது என்றபோது எதிர்ப்பில் முன்னின்றதும் கத்தோலிக்கத் திருச்சபைதான். நிலையம் கடைசியில் 2011இல் இயங்கத் தொடங்கிவிட்டது. கற்பிட்டியில் பெரிய சுற்றுலாத் திட்டம் வந்து கடற்கரைக் காணிகளுக்குத் திடீரென்று விலை ஏறியபோதும் மக்கள் முதலில் பார்த்தது சுவாமிமாரின் முகத்தைத்தான். இவ்வளவு நம்பிக்கை குவியும் இடத்தில் தவறு நடந்தால் அது ஒரு குருவானவரின் தனிப்பட்ட பாவமாக நிற்காது. மீன் பிடித்து வந்த காசிலிருந்து பங்கு கொடுத்தவர்கள் எல்லோரும் அதில் சம்பந்தப்பட்டவர்கள். ‘ட்ரூ கன்ஃபெஷன்ஸ்’ படத்தில் அவர்கள் இல்லை. பூசைக்கு வந்து நிற்கும் கூட்டமாக மட்டும் இருக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமுக்குப் போன பணம் அவர்களுடையது என்ற நினைப்பு படத்துக்கு வரவே இல்லை.

தமிழில் இதற்கு நெருங்கி வந்தது மணிரத்னத்தின் ‘கடல்’ (2013). ஜெயமோகன் எழுத்தில் பங்கெடுத்த படம். குருமடத்தில் ஒன்றாகப் படித்த சாமும் பெர்க்மான்ஸும் உடன்பிறந்தவர் அல்லர். ஆனாலும் அங்கியைக் கழற்றிவிட்டுக் கடத்தல்காரனாகும் பெர்க்மான்ஸ், அவனைக் காட்டிக்கொடுத்த சாம் என்ற இந்த இணை அதே சகோதர ஏற்பாடுதான். ஹொலிவூட் படத்தில் இல்லாத ஒன்று இங்கே உண்டு. ஊர் இருக்கிறது. மணப்பாட்டுக் கரையின் காற்றும் வெயிலும் மட்டுமல்ல, சுவாமியைக் கேலி செய்யும், பிறகு நம்பும், பிறகு கல்லெறியும் சனமும் இருக்கிறது. சாம் மீது பொய்ப்பழி சுமத்தப்படும்போது ஊர் எவ்வளவு விரைவாக நம்பிவிடுகிறது என்பதைப் படம் கூசாமல் காட்டுகிறது. அந்தப் பகுதி உண்மையானது, வலிக்கிறது. ஆனால் பெர்க்மான்ஸ் தன்னைச் சாத்தான் என்று அறிவித்துக்கொள்ளும் கணத்திலிருந்து எல்லாம் வானத்துக்கு ஏறிவிடுகிறது. நன்மைக்கும் தீமைக்கும் போர் மூண்ட பிறகு காணியையும் கணக்கையும் யார் கேட்பார்? நிறுவனம் குற்றமற்றதாக, படத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது.

எங்கள் நாட்டிலேயே ஒரு மெய்யான வழக்கு உண்டு. கொழும்பின் ஆங்கிலிக்கன் குருவானவர் மத்தியூ பீரிஸ், தன் மனைவியையும் இன்னொரு பெண்ணின் கணவரையும் கொன்ற குற்றத்துக்காக 1984இல் மரணதண்டனை விதிக்கப்பட்டவர். பேயோட்டுபவர் என்று பெயர் பெற்றிருந்தவர். சந்திரன் ரட்ணம் அதை ‘அக்கோர்டிங் டு மத்தியூ’ என்று படமாக்கினார். அங்கியணிந்த ஓர் அரக்கன் என்ற வடிவத்துக்கு அந்த வழக்கு கச்சிதமாகப் பொருந்துவதுதான் சிக்கல். அரக்கனைக் கண்டு நடுங்கிவிட்டு, மற்றதெல்லாம் சரியாகவே இருக்கிறது என்று வீடு போய்விடலாம்.

கேரளத்தில் 1992 மார்ச்சில் கோட்டயத்துக் கன்னியர் மடத்துக் கிணற்றில் அருட்சகோதரி அபயா இறந்து கிடந்த வழக்கு வேறு வகை. முதலில் தற்கொலை என்று முடிக்கப்பார்த்தார்கள். தண்டனைத் தீர்ப்பு வர 2020 டிசம்பர் ஆனது. 2022இல் உயர்நீதிமன்றம் அந்தத் தண்டனையை நிறுத்திவைத்தது. இந்த வழக்கில் நிறுவனம் கொலையில் தெரிவதைவிட அந்த 28 ஆண்டுகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. மலையாளத்தில் இந்தச் சாயலில் 1999இல் வந்த ‘க்ரைம் ஃபைல்’ படமோ ஒரு வீரப் பொலிஸ் அதிகாரியின் கதை. தாமதத்தை யாராலும் சண்டைக் காட்சியாக்க முடியாது.

தாமதத்தையும் கடதாசியையும் வைத்தே படம் எடுக்க முடியும் என்று 2015இல் ‘ஸ்பொட்லைட்’ காட்டியது. பொஸ்டன் மறைமாவட்டத்தில் சிறுவர்கள் மீதான துஷ்பிரயோகம் எப்படி மூடிமறைக்கப்பட்டது என்பதை நிருபர்கள் குருவானவர்களின் வருடாந்தக் கையேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கண்டுபிடிக்கிறார்கள். நோய்விடுப்பு என்று போட்டிருந்த சொற்களை எண்ணுகிறார்கள். பிணமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, நெஞ்சு அடைக்கிறது. ஆனால் அதில் குடும்பம் இல்லை. திருச்சபைக்குள் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு அதை எதிர்த்துப் பேசுவது தன் தாயைப் பேசுவதுபோல் ஏன் கூசுகிறது என்பதை ‘ட்ரூ கன்ஃபெஷன்ஸ்’ அளவுக்கு அது காட்டவில்லை.

ஆகவே சகோதரர்களை வைத்துக்கொண்டு பிணத்தை எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. கற்பிட்டிக் கரையில் அது செயற்கையாகவும் இராது. ஒரு மகன் குருமடத்துக்கும் ஒரு மகன் கடலுக்கும் போவது மீனவக் கத்தோலிக்க ஊர்களில் காணக்கூடியதே. தம்பி பங்குச் சுவாமியாகத் திரும்பி வருகிறான் என்று வையுங்கள். கோயிலுக்குப் புதுக் கூரை வேண்டும். கூரை போட்டுத்தர முன்வருபவர் கடற்கரைக் காணி தேடும் முதலாளி. தமையன் கரைவலை இழுப்பவன், அவன் வாடி இருப்பது அந்தக் காணியில். கோயிற் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படுகிறது. கூரைக்கு யார் கொடுத்தது என்ற வரி வரும்போது தமையன் எழும்ப வேண்டும். எழும்பினால் ஊர் முன்னால் தன் வீட்டுப் பிள்ளையைச் சுவாமி என்று விளித்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவேண்டியிருக்கும்.